ரோஜாத் தோட்டத்துக்கு அடியில்

ஜப்பானின் மினமாட்டா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நேர் எதிரே ஆலையின் வாசல். நடுவில் ஒரு சாலை மட்டும்தான். கோயில் ஊர்களில் எல்லாத் தெருக்களும் சன்னிதியைச் சுற்றியே அமைந்திருப்பதுபோல, இந்த ஊர் ஆலையைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. 1908-ல் கார்பைடும் உரமும் தயாரிக்க இங்கே வந்த சிஸ்ஸோ நிறுவனம் ஊருக்கு வேலை தந்தது, ஆஸ்பத்திரி கட்டியது, நகராட்சிக்கு வரி செலுத்தியது. ஆலையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரே பின்னாளில் நகர மேயராகவும் ஆனார். இன்று வாசலில் ஜேஎன்சி என்ற பெயர் இருக்கிறது. 2011-ல் உற்பத்தித் தொழிலை அந்தத் துணை நிறுவனத்துக்கு மாற்றிவிட்டு, ஆலைக் கழிவால் நோயுற்றவர்களுக்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்போடு சிஸ்ஸோ தனியே நிற்கிறது.

மாகாணத் தலைநகர் குமமோட்டோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் இங்கே வந்துவிடலாம். ஆனால் வழியெல்லாம் சுரங்கம். கடல் கண்ணில் படாது. எனக்குக் கடலைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும் என்று இருந்தது. அதனால் யாட்சுஷிரோ வரை சாதாரண ரயிலில் வந்து, அங்கிருந்து ஹிசாட்சு ஆரஞ்சு ரயில்வேயின் ஒற்றைப்பெட்டி டீசல் வண்டியைப் பிடித்தோம். கூட வந்தது குமமோட்டோவில் கடல் வேதியியல் படிக்கும் ஒரு தம்பி. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஜப்பானிய மொழியில் எனக்கு நாலு வார்த்தைதான் தெரியும்; அவர் இல்லாமல் இந்தப் பயணம் நடந்திருக்காது.

ஹினாகுவைத் தாண்டியதும் தண்டவாளம் கடலை ஒட்டிப் போக ஆரம்பித்தது. ஷிரானுயி கடல். மேற்கே அமாகுசா தீவுகள் வரிசையாக நின்று பெருங்கடலை மறித்துக்கொள்வதால் இதில் பெரிய அலை கிடையாது. தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது. தூரத்தில் ஒரே ஒரு படகு. மலைச்சரிவில் ஆரஞ்சுத் தோட்டங்கள் தண்ணீர் வரை இறங்கியிருந்தன.

“பார்க்க அழகா இருக்குல்லக்கா? இந்த அமைதிதான் இங்க பிரச்சினையே. தண்ணி வெளிய போகாது. உள்ள விழுந்தது உள்ளயே கெடக்கும்” என்றார் தம்பி.

நிலையத்திலிருந்து ஆலைச் சுவரை ஒட்டித் தெற்கே நடந்தால் ஹியாக்கென் வடிகாலுக்கு வந்து சேரலாம். ஜப்பான் வரலாற்றில் இத்தனை பேர் பேசிய சாக்கடை வேறு இருக்காது. நேரில் பார்த்தால் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய சாதாரண மதகு, கான்கிரீட் கரை, கீழே இன்றும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை. 2023-ல் பழுதான மதகுக் கதவுகளை அகற்றிவிட நகராட்சி முடிவெடுத்தபோது பாதிக்கப்பட்டவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நோய் புறப்பட்ட இடத்தின் அடையாளத்தை அழிக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். கடைசியில் இடத்தின் தோற்றத்தைக் காப்பாற்ற மாகாண அரசு முன்வந்தது.

1932-லிருந்து 1968 மே வரை இந்த ஆலையில் அசிட்டால்டிஹைடு தயாரித்தார்கள். பிளாஸ்டிக்குக்கும் வினிகர் அமிலத்துக்கும் அது மூலப்பொருள். அசிட்டிலீன் வாயுவைத் தண்ணீரோடு சேர்ப்பதற்குப் பாதரச உப்பை வினையூக்கியாகப் போட்டார்கள். அந்தத் தொட்டிக்குள்ளேயே பாதரசத்தின் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறியது. அது கழிவுநீரோடு இந்த மதகின் வழியே மினமாட்டா விரிகுடாவில் விழுந்தது. மொத்தம் 70 முதல் 150 டன் வரை, அல்லது அதற்கும் மேலே, பாதரசம் கடலுக்குள் போயிருக்கும் என்பது பிற்கால மதிப்பீடு.

போனது எங்கே தங்கியது என்பதுதான் விஷயம். பாதரசமோ ஈயமோ காட்மியமோ கடல்நீரில் அதிக நேரம் கரைந்து நிற்காது. நுண்ணிய களிமண் துகளில், அழுகிய தாவரத் துணுக்குகளில் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். மேலே தண்ணீரை மொண்டு சோதித்தால் சொற்பமாகத்தான் காட்டும். சேற்றைத் தோண்டி எடுத்தால்தான் கணக்குத் தெரியும். இந்த மதகின் வாயில் தோண்டிய சேற்றில் 2,010 பிபிஎம் வரை பாதரசம் இருந்தது. அதாவது ஒரு டன் சேற்றில் இரண்டு கிலோ. ஆலைக் கழிவு விழாத கடற்கரைச் சேற்றில் ஒரு பிபிஎம்கூடத் தேறாது. அந்தச் சேற்றில் மேயும் புழு, புழுவைத் தின்னும் மீன், மீனைத் தின்னும் பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் விஷம் செறிந்துகொண்டே போகும். கடைசிப் படியில் இருந்தவர்கள் மூன்று வேளையும் மீன் சாப்பிட்ட செம்படவர்கள்; அவர்கள் வீசியெறிந்த தலையையும் குடலையும் தின்ற பூனைகள்.

மதகுக்குத் தெற்கே சிறு சிறு வளைகுடாக்களில் மீனவ ஊர்கள் இருக்கின்றன. யுடோ, மோடோ, ட்சுகினோஉரா. மலை நேராகக் கடலில் இறங்குவதால் வீடுகள் படிப்படியாக அடுக்கியதுபோல நிற்கின்றன. வாசலில் இருந்து பத்தடி வைத்தால் படகு. யுடோவில் கடலுக்கு அடியிலிருந்தே நல்ல தண்ணீர் ஊற்றாகப் பொங்குகிறது. அந்த நன்னீரைத் தேடி மீன்கள் வந்து முட்டையிடுமாம். இவ்வளவு வளமான கடலுக்கு முன்னால் குடியிருந்தவர்களுக்கு அரிசிதான் அருமைப் பொருள். மீன் காசு கொடுத்து வாங்குகிற பண்டமே இல்லை.

முதலில் பூனைகள் தள்ளாடின. வட்டம் சுற்றின, துள்ளின, சுவரில் மோதின, சில கடலில் போய் விழுந்தன. 1954 ஆகஸ்டில் உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. மோடோவில் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே செத்துப்போய்விட்டதால் எலித்தொல்லை பெருகிவிட்டது. எலிகளை ஒழித்துத் தாருங்கள் என்று ஊரார் நகராட்சியிடம் மனுக் கொடுத்திருக்கிறார்கள். மனிதர்களின் நோயை அரசு அறிந்துகொள்வதற்கு இரண்டு ஆண்டு முன்பே பூனைகளின் நோய் அச்சேறிவிட்டது.

1956 ஏப்ரலில் ட்சுகினோஉராவிலிருந்து ஆறு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமியை ஆலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். நடக்க முடியவில்லை, பேச முடியவில்லை, வலிப்பு. ஒருசில நாளில் அவளுடைய தங்கைக்கும் அதே. விசாரித்தால் அக்கம்பக்கத்திலும் அப்படியே. ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர் ஹஜிமே ஹோசோகாவா மே 1-ந் தேதி சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். காரணம் தெரியாத நரம்பு நோய் பரவுகிறது என்று. அந்தத் தேதிதான் மினமாட்டா நோயின் அதிகாரபூர்வமான பிறந்தநாள். ஆண்டுதோறும் அன்றைக்குத்தான் இங்கே அஞ்சலிக் கூட்டம்.

அடுத்த ஆண்டுக்குள்ளேயே விரிகுடாவின் மீனும் சிப்பியும்தான் காரணம் என்ற சந்தேகம் வலுத்துவிட்டது. வேறு இடத்துப் பூனையை இந்த மீனைக் கொடுத்து வளர்த்தால் அதற்கும் நோய் வந்தது. உணவுச் சுகாதாரச் சட்டத்தின்படி இந்த மீனைப் பிடிக்கவும் விற்கவும் தடை போடலாமா என்று மாகாண அரசு மத்திய அமைச்சகத்துக்கு எழுதிக் கேட்டது. 1957 செப்டம்பரில் பதில் வந்தது: விரிகுடாவின் மீன்கள் எல்லாமே நஞ்சானவை என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, ஆகவே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. மினமாட்டா பற்றி நான் படித்த எல்லாவற்றிலும் என்னால் மன்னிக்கவே முடியாத வரி இதுதான். எந்த வேதிப்பொருள் என்று தெரியவேண்டிய அவசியமே அன்றைக்கு இல்லை. எந்த மீன் என்று தெரியும்; எந்தக் கடல் என்று தெரியும். தடுத்திருந்தால் அதற்குப் பிறகு பிறந்த எத்தனையோ குழந்தைகள் தப்பியிருக்கும்.

ஆலை தன் பங்குக்கு 1958 செப்டம்பரில் கழிவை ஹியாக்கெனிலிருந்து திருப்பி, மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்தில் விட ஆரம்பித்தது. சில மாதங்களில் ஆற்றுவாய்ப் பக்கத்து ஊர்களிலும் ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். விரிகுடாவுக்குள் இருந்த விஷம் ஷிரானுயி கடல் முழுக்கப் பரவ வழி பிறந்தது அப்போதுதான்.

சோஷிஷா என்ற அமைப்பு நடத்தும் சின்ன அருங்காட்சியகம் ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கிறது. நோயாளிகளும் அவர்களுக்குத் துணைநின்றவர்களும் 1974-ல் தொடங்கிய இடம். முன்பு காளான் வளர்த்த கொட்டகையைத்தான் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். தாழ்ந்த கூரை, மங்கிய வெளிச்சம், மரவாசனை. சுவரில் கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்தில் எழுதிய போராட்டக் கொடி. வெளியே செடிகளுக்கு நடுவே, சோதனைகளில் செத்த பூனைகளுக்கு ஒரு கல்லறை. மனிதர்களுக்காக உயிர்விட்ட பிராணிகளுக்கு யாரோ நின்று கல் நாட்டியிருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

உள்ளே பூனைகளை அடைத்து வைத்த மரக்கூண்டு இருக்கிறது. குனிந்து பார்த்தேன். பலகைகள் வெளிறிப்போயிருந்தன, கம்பி வலை துருவேறியிருந்தது. 1959-ல் ஹோசோகாவா ஆலைக்குள்ளேயே பூனைகளுக்குச் சோற்றோடு கழிவுநீரைக் கலந்து கொடுத்துப் பார்த்தார். அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவைத் தின்ற 400-ஆம் எண் பூனைக்கு அந்த அக்டோபரில் வலிப்பு வந்தது. அதாவது காரணம் ஆலைக்குள்ளேயே நிரூபணமாகிவிட்டது. நிர்வாகம் சோதனையைத் தொடர விடவில்லை. முடிவும் வெளியே வரவில்லை. அதே ஆண்டு ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரிமப் பாதரசம்தான் காரணம் என்று அறிவித்திருந்தார்கள். ஆலை அதை மறுத்துக்கொண்டே இருந்தது. ஹோசோகாவா தன் மௌனத்தைக் கலைத்தது 1970 ஜூலையில். புற்றுநோயில் படுத்திருந்த கட்டிலில் இருந்தபடியே நீதிமன்றத்துக்குச் சாட்சி சொன்னார். மூன்று மாதத்தில் இறந்துபோனார்.

1959 டிசம்பரில் இரண்டு காரியங்கள் நடந்தன. சைக்ளேட்டர் என்ற சுத்திகரிப்பு இயந்திரத்தை விமரிசையாகத் திறந்துவைத்தார்கள். விழாவில் நிறுவனத் தலைவர் ஒரு குவளைத் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். அந்த இயந்திரம் கரிமப் பாதரசத்தை நீக்குவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல என்பது பிறகு நீதிமன்றத்தில்தான் தெரிந்தது. அந்த மாதம் 30-ந் தேதி, புத்தாண்டுக்கு முன்னால் கையில் காசில்லாமல் நின்ற நோயாளிகளிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இறந்தவருக்கு 3 லட்சம் யென், உயிரோடு இருக்கும் பெரியவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம், குழந்தைக்கு 30,000. நாளைக்கு ஆலைதான் காரணம் என்று தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டோம் என்று ஒரு ஷரத்து. காரணம் ஏற்கெனவே தெரிந்தவர்கள் எழுதிய ஷரத்து அது. 1973 மார்ச்சில் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் அந்த ஒப்பந்தமே செல்லாது என்று தூக்கியெறிந்தது.

ஒரு கண்ணாடிக் குடுவைக்கு முன்னால் தம்பி நின்றுவிட்டார். உள்ளே விரிகுடாவின் சேறு. கருஞ்சாம்பல் நிறம், வழவழப்பாக, பானை செய்கிற களிமண்ணைப் போல.

“இவ்வளவுதான் அக்கா. நான் தெனமும் லேப்ல பார்க்கிற சேறு மாதிரிதான் இருக்கு. கண்ணால பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. வாசனையும் இல்ல” என்றார். கொஞ்சநேரம் கழித்து, “எங்க ஊர்ச் சேத்தையும் எடுத்துப் பார்க்கணும்” என்றார்.

பக்கத்து அறையில் கருவிலேயே நோயுற்றவர்களின் படங்கள். தாயின் ரத்தத்திலிருக்கும் விஷம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது என்றுதான் அன்றைய மருத்துவம் நம்பியது. 1961-ல் மசாசுமி ஹராடா என்ற இளம் மருத்துவர் ஒரு மீனவ வீட்டுத் திண்ணையில் இரண்டு சகோதரர்களைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே மாதிரி அறிகுறி. ஆனால் மூத்தவனுக்கு மட்டும்தான் மினமாட்டா நோய் என்றும், இளையவன் பிறந்ததிலிருந்தே அப்படி, மீனே சாப்பிட்டதில்லை, அதனால் அவனுக்கு வேறு நோய் என்றும் டாக்டர்கள் சொல்லிவிட்டதாகத் தாய் சொன்னார். அந்தத் தாய்க்கோ சந்தேகமே இல்லை. கர்ப்பமாக இருந்தபோது தான் தின்ற மீன்தான் வயிற்றுப் பிள்ளைக்குப் போயிற்று என்று அவர் அறிந்திருந்தார். தாய்மார்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட ஹராடா ஊர் ஊராக அலைந்து கணக்கெடுத்தார். 1962-ல் அந்தக் குழந்தைகளும் நோயாளிகள்தான் என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு கிடைத்த சாட்சியம் இன்னும் உருக்கமானது. குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்தி ஒரு சின்ன மரப்பேழையில் பத்திரமாக வைப்பது ஜப்பானியக் குடும்பங்களின் வழக்கம். அந்தக் கொடிகளை வாங்கிச் சோதித்தார்கள். ஆலையின் உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் பிறந்தவர்களின் கொடியில் மெத்தில் பாதரசமும் ஏறியிருந்தது.

அசிட்டால்டிஹைடு உற்பத்தி 1968 மே மாதம் நின்றது. ஆலைதான் காரணம் என்று மத்திய அரசு ஒப்புக்கொண்டது அதே ஆண்டு செப்டம்பர் 26-ல். அந்த முறை பழசாகிப்போய், ஆலைக்கு அது தேவைப்படாத பிறகு. அந்த ஆகஸ்டில் ஆலைத் தொழிற்சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இத்தனை ஆண்டு நோயாளிகளுக்காகப் போராடாமல் இருந்தது தொழிலாளிகளாகிய எங்களுக்கு வெட்கம் என்று அதில் சொன்னார்கள். வேலை கொடுக்கும் ஆலையைக் காப்பாற்ற ஊரே நோயாளிகளுக்கு எதிராகத் திரும்பியிருந்த இடத்தில், சம்பளம் வாங்கிக்கொண்டே அப்படிச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். அவர்களை நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

மறுநாள் காலை ஈக்கோ பார்க்குக்குப் போனோம். இப்போது அங்கே ரோஜாத் தோட்டம், மூங்கில் தோட்டம், விளையாட்டு மைதானங்கள். பள்ளிப் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். புல் ஒரே சீராக வெட்டப்பட்டிருந்தது. காலடியில் இருப்பது பழைய விரிகுடா.

சேற்றை அள்ளும் வேலை 1977-ல் ஆரம்பமானது. கலக்கினால் விஷம் பரவிவிடும் என்று அஞ்சிய மக்கள் நீதிமன்றம் போனதால் இடையில் நின்று, 1980-ல் மறுபடி தொடங்கி, 1990 மார்ச்சில் முடிந்தது. 25 பிபிஎம்முக்கு மேல் பாதரசம் உள்ள சேறு அத்தனையும் கணக்கு: ஏறத்தாழ 15 லட்சம் கன மீட்டர். விஷம் அதிகமிருந்த உள்விரிகுடாவை எஃகுத் தடுப்புகளால் அடைத்து, மற்ற இடத்துச் சேற்றைக் கலங்காமல் உறிஞ்சி இதற்குள் கொட்டினார்கள். மேலே செயற்கை இழைப் படுதா, அதன்மேல் எரிமலைச் சாம்பல் மண், அதற்கும் மேல் மலைமண். 58 ஹெக்டேர் புதுநிலம் உருவானது. செலவு 4,850 கோடி யென். விரிகுடாவில் பிடித்த விஷமீன்களை டிரம்களில் அடைத்து அதே மண்ணுக்குள் புதைத்தார்கள். மீன்கள் வெளியே போகாமலிருக்க 1974-ல் விரிகுடாவின் வாயில் கட்டிய வலை 1997 வரை கிடந்தது.

சுத்தம் செய்தோம் என்று சொல்கிறோமே, கன உலோகத்தைப் பொறுத்தவரை அதற்குப் பொருள் இவ்வளவுதான். பாதரசம் மக்காது, எரியாது, காலப்போக்கில் வேறொன்றாகித் தீராது. ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் பூட்டி வைக்கலாம். பூட்டு எஃகால் ஆனது. எஃகு கடல்நீரில் அரிக்கும். அதனால் மாகாண அரசு இந்தத் தடுப்புகளைத் தொடர்ந்து சோதித்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. 2016 ஏப்ரலில் குமமோட்டோவைப் பெரும் பூகம்பம் உலுக்கியபோது இங்கிருந்தவர்கள் முதலில் நினைத்தது இந்த நிலத்தைத்தான். 25 பிபிஎம்முக்குக் கீழே இருந்த சேற்றை யாரும் அள்ளவில்லை. அது இன்னும் கடலடியில்தான் இருக்கிறது.

தோட்டத்தைக் கடந்து கடலோரம் வந்தால் சின்னச் சின்னக் கற்சிலைகள். ஜிஜோ எனப்படும், குழந்தைகளைக் காக்கும் புத்த வடிவங்கள். பாதிக்கப்பட்டவர்களும் குடும்பத்தாரும் தாங்களே செதுக்கியவை. தேர்ந்த சிற்பியின் கை இல்லை. சிலவற்றில் முகம் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஒன்றின் மடியில் மீன். எல்லாம் கடலைப் பார்த்தபடி வைக்கப்பட்டிருந்தன.

அங்கே நிற்கும்போது எண்ணூர் நினைவு வராமல் இருக்கவில்லை. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் உடைந்து கசிந்து, நிலக்கரிச் சாம்பல் படிந்து கிடக்கிறது. நிலக்கரியில் இயற்கையாகவே உள்ள ஆர்சனிக்கும் ஈயமும் காட்மியமும் குரோமியமும், பாதரசத்தில் ஒரு பகுதியும், எரிந்த பிறகு சாம்பலில் தங்கிவிடும். அந்த ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே மினமாட்டா நோய் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, இரண்டும் ஒன்றல்ல. கரியிலிருந்து வரும் பாதரசமும் ஆலைத் தொட்டியில் உருவான மெத்தில் பாதரசமும் அளவிலும் தன்மையிலும் வேறு. ஆனால் சேறு ஒன்றுதான். அது எதையும் மறக்காமல் வைத்துக்கொள்ளும் விதமும் ஒன்றுதான். இந்த ஊரின் பெயரால் 2013-ல் குமமோட்டோவில் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கையில் நிலக்கரி மின் நிலையங்களின் பாதரசப் புகையும் ஒரு பிரிவு. 2017 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-ல் அதை ஏற்று உறுதி செய்திருக்கிறது.

மதியம் ஊருக்குள் ஒரு சின்னக் கடையில் ஷிராசு சோறு சாப்பிட்டோம். நம் நெத்திலியைவிடப் பொடியான மீன்குஞ்சுகளை அவித்துச் சோற்றின்மேல் பரப்பித் தருகிறார்கள். 1997 ஜூலையில் விரிகுடாவின் மீன்கள் நாட்டின் வரம்பான 0.4 பிபிஎம்முக்குள் வந்துவிட்டன என்று ஆளுநர் அறிவித்த பிறகு மீன்பிடிப்பு திரும்பியது. இன்றும் மீனைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் தயங்காமல் சாப்பிட்டேன். அளந்து, எண்ணை வெளியிட்டு, அதன்பிறகு கொடுக்கும் மீனை நம்பலாம். ருசியாகவும் இருந்தது.

நகராட்சி அருங்காட்சியகத்தில் பாதிக்கப்பட்டவர்களே வந்து பேசும் ஏற்பாடு உண்டு. நாங்கள் போன அன்று பேசியவர் மீனவக் குடும்பத்தில் பிறந்த ஒரு மூதாட்டி. தம்பி என் காதருகில் குனிந்து சொல்லிக்கொண்டே வந்தார். தொற்றுநோய் என்று பயந்து யாரும் வீட்டுப் பக்கம் வராதது. கடைக்காரர் காசைக் கையால் வாங்காமல் குச்சியால் இடுக்கி வாங்கியது. உடன்பிறந்தவர்களின் கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று நோயை வெளியே சொல்லாமல் மறைத்தது. அவர் குரல் உயரவே இல்லை. பேசி முடித்ததும் கைவிரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மரத்துக் கிடக்கும் விரல்கள்.

அதிகாரபூர்வமாக நோயாளி என்று சான்று பெற்றவர்கள் குமமோட்டோ, ககோஷிமா இரண்டு மாகாணங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 2,280 பேர். ஆனால் 2009-ல் வந்த தனிச் சட்டத்தின்கீழ் நிவாரணம் கேட்டு மனுச் செய்தவர்கள் 60,000-க்கும் மேல். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் இன்றைய சண்டை முழுவதும். 2004-ல் உச்ச நீதிமன்றம் மத்திய, மாகாண அரசுகளும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது. 2023 செப்டம்பரில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் வழக்குப் போட்ட 128 பேரையும் நோயாளிகள் என்று ஏற்றது. ஆறு மாதத்தில் குமமோட்டோ நீதிமன்றம் 144 பேரின் வழக்கைத் தள்ளியது. ஷிரானுயி கரையில் வாழ்ந்த மக்கள் எல்லோரையும் ஒருமுறையாவது முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று நோயாளிகள் பல பத்தாண்டுகளாகக் கேட்கிறார்கள். 2009 சட்டத்திலேயே ஆய்வு நடத்தவேண்டும் என்று இருக்கிறது. அவர்கள் கேட்ட அந்த முழு ஆய்வு இன்னும் நடக்கவில்லை. எத்தனை பேர் மீன் தின்று நோயுற்றார்கள் என்ற கணக்கு ஜப்பான் அரசிடமே கிடையாது.

2024 மே 1-ல் அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்த சுற்றுச்சூழல் அமைச்சரை நோயாளிகளின் அமைப்புகள் சந்தித்தன. ஆளுக்கு மூன்று நிமிடம். இறந்த மனைவியைப் பற்றி ஒரு முதியவர் பேசிக்கொண்டிருக்கையில் நேரம் முடிந்ததென்று அதிகாரிகள் மைக்கை அணைத்துவிட்டார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஒரு வாரத்தில் அமைச்சர் மறுபடி வந்து மன்னிப்புக் கேட்டுப் போனார்.

ஜப்பான் போகிற வாய்ப்புக் கிடைப்பவர்கள் கியோட்டோ, டோக்கியோவோடு நிறுத்திவிடாமல் ஒரு நாளை மினமாட்டாவுக்கும் ஒதுக்குங்கள். நகராட்சி அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை விடுமுறை. பாதிக்கப்பட்டவர்களின் பேச்சைக் கேட்க முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பேசுகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் போங்கள். போகமுடியாதவர்கள் உள்ளூரிலேயே ஒன்று செய்யலாம். எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ கடலூரிலோ கழிவு விழும் கடலைப் பற்றி எந்த அதிகாரியாவது தண்ணீரைச் சோதித்தோம், வரம்புக்குள் இருக்கிறது என்று சொன்னால், சேற்றைச் சோதித்தீர்களா, மீனைச் சோதித்தீர்களா, அதைத் தினமும் தின்கிறவர்களைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். எண்களை வெளியிடும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.